ஜெயித்த காரை வாங்காதவர்கள் ஏமாளிகள் அல்ல

பழைய கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் ஓர் ஒப்பாரி தவறாமல் எழும். பந்தயத்தில் எல்லாரையும் மண்ணைக் கவ்வ வைத்த கார், ஷோரூமில் கேட்பாரற்று நின்றது; நல்ல சரக்கை மதிக்கத் தெரியாத சனம் பளபளப்புக்கு மயங்கி வேறு எதையோ வாங்கிக்கொண்டு போனது; கடைசியில் கம்பெனியே காணாமல் போனது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். இந்த ஒப்பாரியில் முதலில் வரும் பெயர் அமெரிக்காவின் ஹட்சன் ஹார்னெட். 2006இல் வந்த ‘கார்ஸ்’ படத்தில் டாக் ஹட்சன் என்ற கிழட்டு நீலக் கார் குழந்தைகளைக் கண்கலங்க வைத்த பிறகு, ஹார்னெட்டுக்குத் தியாகிப் பட்டமே கிடைத்துவிட்டது.

இந்த ஒப்பாரிக்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஜெயிக்கிற கார் திங்கட்கிழமை கடையில் விற்கும் என்பது ஒன்று. அப்படி விற்கவில்லை என்றால் தப்பு வாங்குகிறவர் மேல்தான் என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது அநியாயம். காரை வாங்காமல் போனவர் விவரம் தெரிந்துதான் போனார். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: இந்தக் கார்களில் பலவற்றை எந்தக் குணம் ஜெயிக்க வைத்ததோ, அதே குணம்தான் அவற்றை விற்கவிடாமலும் செய்தது.

ஹட்சனையே எடுத்துக்கொள்வோம். 1909இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கம்பெனி. 1951இல் ஹார்னெட் வந்தது. அந்த ஆண்டும் 1953இலும் ஹெர்ப் தாமஸ், நடுவில் 1952இல் டிம் ஃபிளாக் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பின் சாம்பியன் பட்டம் ஹட்சன் ஓட்டியவர்களுக்கே போனது. 1952இல் நடந்த 34 பந்தயங்களில் 27 ஹட்சனுக்கு. மார்ஷல் டீக் என்ற ஓட்டுநர் நாஸ்காரை விட்டு வேறு அமைப்பின் பந்தயங்களுக்குப் போய், அங்கேயும் அதே ஆண்டு 13க்கு 12 என்று அள்ளினார். ஒரே கார் இப்படிக் களத்தையே குத்தகைக்கு எடுத்தது அபூர்வம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

இப்போது கணக்கின் மறுபக்கம். 1951 மாடல் ஆண்டில் ஹட்சன் செய்த கார்கள் சுமார் 1,32,000. பந்தயத்தில் உச்சத்தில் இருந்த 1952இல் 70,000. மறு ஆண்டு 66,000. 1954இல் 51,000க்கும் குறைவு. ஹார்னெட்டை மட்டும் தனியே எடுத்தாலும் 43,666இல் தொடங்கி 35,921, 27,208, 24,833 என்று படி இறங்கிக்கொண்டே போனது. கோப்பை ஏற ஏற விற்பனை இறங்கியிருக்கிறது.

உடனே எதிர்க்கேள்வி வரும்: 1952இல் கொரியப் போர் நடந்தது, எஃகுக்குக் கட்டுப்பாடு, அமெரிக்க அரசே கார் உற்பத்திக்கு உச்சவரம்பு வைத்தது, ஹட்சனை மட்டும் குறை சொல்லலாமா? நியாயமான கேள்வி. அந்த ஆண்டு எல்லாருக்கும்தான் உற்பத்தி சுருங்கியது; நாடு முழுவதற்கும் சுமார் 43 லட்சம் கார்களோடு நின்றது. ஆனால் 1953இல் கட்டுப்பாடு விலகி, மொத்த உற்பத்தி 61 லட்சத்தைத் தொட்டது. பல ஓடங்களைத் தூக்கிய அந்த வெள்ளத்தில் ஹட்சன் இன்னும் கீழே போனது. அந்த 66,000இலும் 21,000 கார்கள் ஜெட் என்ற புதுச் சின்ன மாடல். அதைக் கழித்துவிட்டால் பழைய பெரிய ஹட்சன்கள் வெறும் 45,000. முந்தைய ஆண்டு 34க்கு 27 ஜெயித்ததற்குச் சந்தை கொடுத்த சம்பளம் இது.

அதே 1952இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் செவர்லே. எட்டு லட்சத்துக்கும் மேல். நாஸ்காரின் முதன்மைப் பந்தயத் தொடரில் செவர்லே அதுவரை ஜெயித்திருந்த பந்தயங்கள் எத்தனை? ஒன்றுமில்லை. அதன் முதல் வெற்றி வந்ததே 1955இல்தான். ஞாயிறு-திங்கள் கொள்கைக்காரர்கள் இந்த ஒரு விவரத்துக்காவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஹார்னெட் ஏன் ஜெயித்தது என்று பார்த்தால் ஏன் விற்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். 1948இல் ஹட்சன் கொண்டுவந்த உடல் அமைப்புக்கு ‘ஸ்டெப் டவுன்’ என்று பெயர். மற்றக் கார்களில் சேஸியின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு மேலே தரை உட்கார்ந்திருக்கும். ஏறி உட்கார வேண்டும். ஹட்சனில் அந்தச் சட்டங்களுக்கு நடுவே தரையைத் தாழ்த்திவிட்டார்கள். கதவைத் திறந்து காலை வைத்தால், வாசற்படி தாண்டி முற்றத்தில் இறங்குவதுபோல் கால் கீழே போகும். சட்டங்கள் பயணிகளைச் சுற்றி ஓடின. பின்சக்கரங்களுக்குக்கூட வெளிப்பக்கமாகப் போயின. உடலும் சேஸியும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. எடை தரையோடு தரையாகப் படுத்திருந்ததால், மண் ஓடுதளத்தின் வளைவில் மற்றக் கார்கள் சாய்ந்து தத்தளிக்கும்போது ஹட்சன் கல்லுப்போல் ஒட்டிக்கொண்டு திரும்பியது. அதைவிட ஆற்றல் கூடிய எஞ்சின்களை அது தோற்கடித்தது இந்த வளைவுகளில்தான்.

அபாரமான பொறியியல். ஆனால் உடலும் சேஸியும் ஒன்று என்றால், வெளித்தோற்றத்தை மாற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. தனிச் சேஸி வைத்திருந்த போட்டிக் கம்பெனிகள் சில ஆண்டுக்கு ஒருமுறை சட்டையை மாற்றுவதுபோல் உடலை மாற்றின. ஹட்சனால் முகப்புக் கிரில்லையும் குரோம் பட்டைகளையும்தான் மாற்ற முடிந்தது. 1953இல் ஷோரூமுக்குப் போன ஒருவர் பார்த்தது, ஐந்து ஆண்டுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய அதே உருவத்தை: அதே தாழ்ந்த கூரை, அதே குறுகலான கண்ணாடிகள், பின்பக்கம் பார்த்தால் அதே இருட்டு. மூன்று ஆண்டு கழித்து இதை விற்கப்போனால் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி அவருக்கு எழாமல் இருக்குமா? அந்தக் கேள்வியை அற்பம் என்று நினைப்பவர்கள் தவணை கட்டி கார் வாங்கிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் கதையும் இதேதான். ஐந்து லிட்டர் கொள்ளளவில் ஆறு சிலிண்டர், வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய வகை. அந்த ரகத்தில் அவ்வளவு பெரிய எஞ்சினை அன்று வேறு யாரும் காருக்குப் போடவில்லை. உலோகக் கலவை அவ்வளவு கெட்டி. இருநூறு சுற்று மிதித்தாலும் தாங்கியது. 1952இல் இரட்டைக் கார்புரேட்டர் வைத்து இன்னும் முறுக்கேற்றினார்கள். பந்தயத்துக்கென்று வலுவான உதிரிபாகங்களை, ‘கடுமையான உபயோகத்துக்கு’ என்ற பெயரில் பட்டியலில் சேர்த்து யாரும் வாங்கலாம் என்று வைத்தார்கள். ஆனால் 1949இலேயே ஓல்ட்ஸ்மொபீல், வால்வுகள் மேலே அமைந்த வி-8 எஞ்சினைக் கொண்டுவந்து ஊரையே பேச வைத்துவிட்டது. அதற்குப் பிறகு வி-8 இல்லாத பெரிய கார் பழைய காலத்துக் கார். 1951இல் நான்கு கதவு ஹார்னெட்டின் விலை 2,568 டாலர். அதைவிடக் குறைந்த விலைக்கு வி-8 எஞ்சின் உள்ள ஓல்ட்ஸ்மொபீல் 88 கிடைத்தது. செவர்லே 1,800 டாலருக்குள் முடிந்துவிடும். ஹட்சன் தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக்கூட, அந்த இரண்டையும் செய்த ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்துதான் விலைக்கு வாங்கியது.

ஆக, ஹட்சன் ஷோரூமை விட்டு வெளியே வந்து ஓல்ட்ஸ்மொபீல் டீலரிடம் போனவர் புத்தி கெட்டவரா? அவர் வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகக் கார் தேடியவர். டேட்டோனா கடற்கரை மணலில் நூறு மைலுக்கு மேல் தொடர்ந்து விரட்டும்போது அச்சு முறியாது என்ற தகவல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது விலை, புதுமை, மறுவிற்பனை, ஊருக்குள் ஒரு டீலர். இந்த நான்கில் எதையும் பந்தயம் அளப்பதில்லை.

அந்தப் புகழ்பெற்ற ஞாயிறு-திங்கள் வாசகமே ஹார்னெட் காலத்தைச் சேர்ந்தது அல்ல. பாப் டாஸ்கா என்ற ஃபோர்ட் டீலரின் பெயரோடு சேர்த்து அது சொல்லப்படுகிறது, 1960களின் சரக்கு. ஹார்னெட் ஓடிய நாளில் நாஸ்கார் பெரும்பாலும் அமெரிக்கத் தெற்கின் மண் ஓடுதளங்களில் நடந்த உள்ளூர்த் திருவிழா. டேட்டோனா 500 பந்தயம் தொடக்கம் முதல் முடிவுவரை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியதே 1979இல்தான். 1952இல் சிகாகோவிலோ பாஸ்டனிலோ கார் வாங்கப்போனவருக்கு வட கரோலினாவில் யார் ஜெயித்தார்கள் என்பது நாளிதழின் கடைசிப் பக்கத்துச் செய்தி. இன்னொரு வேடிக்கை: 1951இல் டெட்ராய்ட் நகரத்தின் 250ஆம் ஆண்டு விழாவுக்காக, கார் முதலாளிகள் எல்லாரும் பார்க்கும்படி அவர்கள் ஊரிலேயே நாஸ்கார் ஒரு பந்தயம் நடத்தியது. ஹட்சனின் சொந்த ஊர். ஜெயித்தது கிரைஸ்லர்.

விளம்பரம் போதவில்லை என்பாரும் உண்டு. அதுவும் நிற்காது. சாம்பியன் என்று ஹட்சன் விளம்பரங்களில் வாய் ஓயாமல் சொன்னார்கள். டீக்கின் காரின் பக்கவாட்டில் ‘ஃபேபுலஸ் ஹட்சன் ஹார்னெட்’ என்று பெரிய எழுத்தில் எழுதியே ஓட்டினார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது. வாங்குவதற்கு அது காரணமாக அமையவில்லை, அவ்வளவுதான்.

பந்தயச் செலவு ஹட்சனைத் தின்றது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கதையையும் நான் ஏற்கமாட்டேன். தின்றது ஜெட். பெரிய காரைப் புதுப்பிக்க வேண்டிய பணத்தைக் கொண்டுபோய் இந்தச் சின்னக் காரின் அச்சுகளில் கொட்டினார்கள். முழு அளவு செவர்லேயைவிட விலை கூடுதலாக வைத்தார்கள். இரண்டு ஆண்டில் 35,000 சொச்சம்தான் போனது. 1953இல் கம்பெனிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஃபோர்டும் செவர்லேயும் யார் முதலிடம் என்று போட்டி போட்டு டீலர்கள் தலையில் கார்களைக் குவித்து விலையை உடைத்த காலம் வேறு. 1954 மே மாதம் ஹட்சன் நாஷுடன் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அந்த ஆண்டே டெட்ராய்ட் ஆலையில் கார் செய்வது நின்றது. 1957இல் பெயரும் போனது. ஹெர்ப் தாமஸ் என்ன செய்தார்? 1951இலும் 1954இலும் ஹட்சனில் ஜெயித்த டார்லிங்டன் சதர்ன் 500 பந்தயத்தை 1955இல் செவர்லேயில் ஜெயித்தார். பிழைக்கத் தெரிந்தவர்.

அமெரிக்காவை விட்டு இங்கிலாந்துக்குப் போனால் பென்ட்லி. லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 1924இல் ஒருமுறை, 1927 முதல் 1930 வரை நான்கு முறை தொடர்ந்து ஜெயித்த கம்பெனி. 1931 ஜூலையில் கடன்காரர்கள் கைக்குப் போனது. உலகப் பொருளாதார மந்தம்தான் காரணம் என்று பள்ளிக்கூட விடைபோல் சொல்லிவிடுவார்கள். மந்தம் கடைசி அடி. முதல் அடி அல்ல. 1926இலேயே கையில் காசில்லாமல், வைரச் சுரங்கச் செல்வத்துக்கு வாரிசான வூல்ஃப் பார்னட்டோவிடம் கம்பெனி போய்விட்டது. அந்த நான்கு தொடர் வெற்றிகளும் விற்பனையில் வந்த லாபத்தால் வந்தவை அல்ல. அவர் பணத்தால் வந்தவை. அதில் மூன்றை அவரே ஓட்டி ஜெயித்தார். தன் பணத்தைக் கொடுத்துத் தனக்கே கோப்பை வாங்கிக்கொண்டார் என்றால் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்காது. பத்தாண்டில் பென்ட்லி விற்றது மூவாயிரத்துச் சொச்சம் கார்கள்.

அதை வாங்கியது ரோல்ஸ்-ராய்ஸ். 1930 வெற்றியோடு பென்ட்லி பந்தயத்திலிருந்து ஏற்கெனவே விலகியிருந்தது. 1933இல் ரோல்ஸ்-ராய்ஸின் டெர்பி ஆலையிலிருந்து வந்த புது பென்ட்லியை ‘சத்தமில்லாத ஸ்போர்ட்ஸ் கார்’ என்று விளம்பரம் செய்தார்கள். லே மான்ஸ் வாகை சூடிய பெயரை, இரைச்சல் இல்லாத கார் என்று விற்றார்கள்! போர் தொடங்கும்வரை அந்த ஆறு ஆண்டுகளில் 2,400க்கு மேல் விற்றன. பழைய பென்ட்லி பக்தர்களுக்கு இன்றுவரை இது தீராத வயிற்றெரிச்சல்.

என்னிடம் ஜாகுவாரைக் காட்டி மடக்கப் பார்ப்பார்கள். லே மான்ஸில் ஜெயித்தது, விற்றது, இப்போது என்ன சொல்கிறாய் என்று. தேதியைப் பாருங்கள் என்கிறேன். எக்ஸ்கே 120 கார் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் 1948இல் வெளிவந்தது. இருநூறு கார் செய்தால் போதும் என்று அலுமினியத்தில் கையால் தட்டிக்கொண்டிருந்தவர்கள், கேட்டு வந்த கூட்டத்தைப் பார்த்து எஃகு உடலுக்கு மாற வேண்டியதாயிற்று. வரி நீங்கலாக ஆயிரம் பவுண்டுக்குள், அந்த அழகில், அந்த வேகத்தில் வேறு எதுவும் இல்லை. லே மான்ஸ் முதல் வெற்றி 1951இல். கிராக்கி முன்னால் வந்தது, கோப்பை பின்னால் வந்தது. செவர்லேயும் அப்படியே: 1955இல் ஜெயிக்கத் தொடங்குவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே விற்பனையில் முதலிடம். நன்றாக விற்கிற கம்பெனியிடம் பந்தயத்துக்குச் செலவழிக்கப் பணம் இருக்கும். காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டுத் தத்துவம் பேசினால் எப்படி?

பந்தயக் கார் தானாக விற்காது, ஆனால் அந்தக் கம்பெனியின் மற்றக் கார்களை விற்றுக் கொடுக்கும் என்று ஒரு நுணுக்கமான வாதமும் உண்டு. எதிர்ப்பக்கத்தின் ஆகச் சிறந்த வாதம் அதுதான். 1955இல் கிரைஸ்லர் சி-300 வந்தது. படகு எஞ்சின் தயாரிப்பாளர் கார்ல் கீக்ஹேஃபர் அதை வைத்து ஓர் அணி கட்டி அந்த ஆண்டும் மறு ஆண்டும் பட்டத்தைத் தட்டினார். கார் விற்றது 1,725. மறு ஆண்டு 1,102. நாலாயிரம் டாலருக்கு மேல் விலை; இவ்வளவுதான் விற்கும் என்று கம்பெனிக்கே தெரியும். 1955இல் கிரைஸ்லரின் சாதாரண மாடல்களும் அமோகமாகப் போயினவே என்பார்கள். போயின. ஆனால் அதே ஆண்டில்தான் வர்ஜில் எக்ஸ்னர் கிரைஸ்லர் குடும்பத்தின் எல்லா மாடல்களுக்கும் ஒரேயடியாகப் புது உருவம் கொடுத்தார். பந்தயத்தின் வாசனையே படாத மாடல்களும் சேர்ந்து ஏறின. புதுச் சட்டைக்குச் சேர வேண்டிய புகழைக் கோப்பைக்கு எழுதிவைக்க முடியாது.

நம் ஊர் உதாரணம் இல்லாமல் இல்லை. பெங்களூரில் சிபானி கம்பெனி 1980களில் செய்த டால்பின். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரின் வழிவந்தது. 848 சிசி எஞ்சின், ஃபைபர் உடல், இரண்டே கதவு. அம்பாசிடரும் பத்மினியும் உருண்டுகொண்டிருந்த காலத்தில் அந்த இறகு எடைக்கு வேகம் பிய்த்துக்கொண்டு போகும். ராலிகளிலும், பழைய போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்திலும் அது பெரிய கார்களுக்குத் தண்ணி காட்டியதை அந்தக் காலத்து ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். ஜெயிக்க வைத்தது எது? எடை இல்லாத அந்த ஃபைபர் உடல். குடும்பக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது எதனால்? அதே ஃபைபர் உடலால். மாடு தின்றுவிடும் என்றுகூடக் கேலி பேசினார்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி என்று ஏற வேண்டிய வீட்டில் பின்சீட்டுக்குக் கதவில்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாலு கதவு, ஏசி வைக்கலாம், ஜப்பான் எஞ்சின். சோழவரத்தில் யார் ஜெயித்தார்கள் என்று மாருதிக்கு முன்பணம் கட்ட வரிசையில் நின்றவர்கள் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். அவர்கள் விசாரிக்காததில் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக ஏலக்காரர்களின் வாதம். அன்று சீந்துவாரில்லாத கார்கள் இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றனவே, அப்படியானால் அன்றைய சனத்துக்கு ரசனை இல்லை என்றுதானே அர்த்தம்? இதற்கு அவர்கள் கொண்டுவரும் சாட்சி 1970ஆம் ஆண்டு பிளிமத் சூப்பர்பேர்டு. ரோட் ரன்னர் என்ற சாதாரண காரின் முன்னால் ஒன்றரை அடிக்குக் கூர்மூக்கு, டிக்கி மேல் இரண்டடி உயரத்துக்கு இறக்கை. காற்றைக் கிழிப்பதற்காக மட்டுமே பிறந்த உருவம். அந்த ஆண்டு டேட்டோனா 500 பந்தயத்தை பீட் ஹாமில்டன் இதில்தான் ஜெயித்தார். இரண்டு டீலருக்கு ஒரு கார் வீதம் செய்து விற்பனைக்கு வைத்தால்தான் களத்தில் இறங்கலாம் என்பது நாஸ்கார் விதி. ஆகவே இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள். யாரும் கேட்டுச் செய்த எண்ணிக்கை அல்ல. விதிக்காகச் செய்த எண்ணிக்கை.

இன்று ஏலத்தில் கை தூக்குபவர் சூப்பர்பேர்டை ஆபீசுக்கு ஓட்டப் போவதில்லை. கொட்டகைக்குள் மூக்கு இடிக்குமா என்று அளக்க வேண்டியதில்லை. 1970இல் வேகக் கார்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் ஏற்றிய பிரீமியத்தைக் கட்ட வேண்டியதில்லை. அவர் வாங்குவது ஒரு நினைவுச்சின்னம். அன்று விற்பனைக்கு நின்றது நாலு சக்கர வாகனம். அந்த மூக்கும் இறக்கையும் மணிக்குத் தொண்ணூறு மைலுக்கு மேலேதான் உருப்படியாக வேலை செய்யும். கடைத்தெருவில் அவை சும்மா இருக்கும். மாதக்கணக்கில் நின்று தூசி படிந்த சூப்பர்பேர்டுகளை வைத்துக்கொண்டு சில டீலர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: இறக்கையைக் கழற்றினார்கள், கூர்மூக்கைக் கழற்றினார்கள், சாதாரண ரோட் ரன்னரின் முகப்பைப் பொருத்தினார்கள். அப்படித்தான் அவற்றைத் தள்ளிவிட்டார்கள்.